ஏலத் தொகை மட்டும்தானா செய்தி?

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களே நடத்தும் குதிரை ஏலம் பற்றிய செய்தியைப் படித்தேன். எந்தக் குதிரை எவ்வளவுக்குப் போனது என்பதோடு செய்தி முடிந்துவிட்டது. சரி, விலையும் முக்கியம்தான். ஆனால், பண்ணைக்காரர்கள் அனுப்பும் இளங்குதிரைகளைச் சேணத்துக்குப் பழக்கி, விவரப் புத்தகம் தயாரித்து, விளம்பரம் செய்து, ஏப்ரலில் ஏலத்தையும் நடத்துவது மாணவர்கள். அந்தப் பல மாத உழைப்புதான் அங்கே பாடம். ஏலம் அதன் கடைசி நாள்.

சில ஆண்டுகளுக்கு முன், அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது அந்த ஏலத்துக்குப் போயிருந்தேன் (வேடிக்கை பார்க்கத்தான்!). ஒரு மாணவி, வாங்க வந்த பெரியவருக்கு நான்கு குளம்புகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள். அப்புறம், “இடது பின்னங்காலைத் தொட்டால் இன்னும் கொஞ்சம் மிரளும்” என்று அவளாகவே சொன்னாள். விற்கிறவர் வாயிலிருந்தே குறை வருவதை எந்தச் சந்தையிலும் நான் கேட்டதில்லை. அடுத்த முறை, குதிரைகள் பயிற்சிக்கு வந்து சேரும் இலையுதிர் காலத்திலிருந்தே ஒரு மாணவரையும் அவரது குதிரையையும் பின்தொடர்ந்து எழுதுங்கள்.

– ஒரு வாசகர், ஈரோடு