அட்டவணையில் போட்ட பூஜ்யம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சர்வர் இயங்குதளங்களின் விலையை ஒப்பிட்டுச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விண்டோஸ் சர்வருக்கு 1,069 டாலர், லினக்ஸுக்கு நேரே பூஜ்யம். சர்வர் பராமரிப்பே பிழைப்பாக இருப்பவன் சொல்கிறேன், இந்த இரண்டு எண்ணையும் நம்பி யாரும் பட்ஜெட் போட்டுவிட வேண்டாம்.

அந்த 1,069 டாலர், விண்டோஸ் சர்வர் 2022-இன் ஸ்டாண்டர்டு பதிப்பு வெளிவந்தபோது 16 கோருக்கு (ப்ராசஸருக்குள் இருக்கும் கணக்கிடும் அலகுதான் கோர்) இருந்த பட்டியல் விலை. 2016 பதிப்பு முதலே உரிமம் கோர் கணக்கில்தான். சர்வரில் 8 கோரே இருந்தாலும் 16-க்குக் காசு கட்ட வேண்டும். 16 கோர் ப்ராசஸர் இரண்டு இருந்தால் அந்த விலையில் 2,138 டாலர். அதுவும் இரண்டு விர்ச்சுவல் மெஷினுக்குத்தான் (ஒரே சர்வருக்குள் தனிக் கணினி போல ஓடுவது). மூன்றாவது வேண்டுமென்றால் எல்லாக் கோருக்கும் மறுபடி கட்ட வேண்டும். அது நான்காவதுக்கும் சேர்த்து. இப்படியே போனால் 10 மெஷின் வரை ஸ்டாண்டர்டு மலிவு. பதினோராவதில் அது 12,828 ஆகிவிடும். மெஷின்களுக்கு வரம்பே இல்லாத டேட்டாசென்டர் பதிப்போ அதே சர்வருக்கு அன்றைய பட்டியலில் 12,310தான்!

இதற்கு மேல், அலுவலகத்தில் சர்வரைப் பயன்படுத்தும் ஒவ்வொருவருக்கும் அல்லது ஒவ்வொரு கருவிக்கும் கிளையன்ட் ஆக்சஸ் லைசென்ஸ் (CAL) என்ற தனி உரிமம் வாங்க வேண்டும். சர்வரின் திரையைத் தொலைவிலிருந்து பயன்படுத்தும் ரிமோட் டெஸ்க்டாப் என்றால் அதற்கு இன்னொன்று. சுருக்கமாக ‘கால்’ என்போம். பலரும் இடறுவது இந்தக் காலில்தான். நானும் இடறியிருக்கிறேன். கொள்முதல் கோப்பில் கையெழுத்தான பிறகு மறுபடி பணம் கேட்டுப் போய் நின்ற சங்கடம் இன்னும் மறக்கவில்லை.

பூஜ்யத்துக்கு வருகிறேன். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் கோரை எண்ண வேண்டாம், கால் கிடையாது, எத்தனை சர்வரிலும் போடலாம். ஆனால் லினக்ஸ் என்றாலே இலவசம் என்பது தவறு. ரெட் ஹேட் நிறுவனத்தின் லினக்ஸுக்கு ஆண்டுச் சந்தா உண்டு. அதைக் கட்ட மனமில்லாமல், அதன் இலவச நகலான சென்ட்ஓஎஸ் 8 போட்டவர்களில் நானும் ஒருவன். 2029 வரை ஓடும் என்றிருந்தோம். 2020 டிசம்பரில் வந்த அறிவிப்பு, 2021 முடிவோடு ஆதரவு நிற்கும் என்றது. அதற்கு ராக்கி, அல்மா என்று இலவச லினக்ஸ் மாற்றுகள் வந்தது உண்மை. மாற்றும் வேலையும் சில கட்டளைகளில் முடிந்துவிடும். அதன்மேல் ஓடும் மென்பொருள்களை ஒவ்வொன்றாகச் சோதித்ததில்தான் என் ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

ஆள் செலவைக் காட்டி, லினக்ஸ்தான் கடைசியில் விலை கூடியது என்று விற்பனைக்கு வருபவர்கள் சொல்வதையும் நான் ஏற்பதில்லை. விண்டோஸ் என்ன, தன்னைத்தானே பார்த்துக்கொள்கிறதா?

அந்த அட்டவணையை ஐந்தாண்டுச் செலவாகத் திருத்தி மறுபடி வெளியிட வேண்டுகிறேன். கோர், மெஷின், பயனர் எண்ணிக்கைக்குத் தனித்தனிப் பத்தி இருக்கட்டும். பூஜ்யம் வரும் இடங்களில், ஆதரவு முடியும் தேதியையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
சர்வர் நிர்வாகி ஒருவர்