விடுகைப் பத்திரம் எழுதும் முன்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டப் பாடசாலை அதிபர்களுக்கும் ஒழுக்காற்றுக் குழுவினருக்கும்,

வணக்கம்.

ஒன்பதாம் தரப் பையனின் காற்சட்டைப் பையில் மாவாச் சரை ஒன்று அகப்படுகிறது. சீவல் பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு. காலைக் கூட்டத்தில் முன்னுக்கு நிறுத்துவது, தகப்பனை அழைப்பது, மறுமுறை பிடிபட்டால் விடுகைப் பத்திரம் கொடுப்பது என்று போகும் வழக்கத்தைக் கைவிடும்படி கேட்கிறோம்.

காரணம் இதுதான். 1998இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 9,500 பேரிடம் நடத்திய ஆய்வொன்று வெளிவந்தது. அடி, பாலியல் கொடுமை, வீட்டில் குடி, தாய் அடிவாங்குவது முதலிய ஏழு வகைத் துன்பங்களைக் கேட்டார்கள். சிறுவயதில் நான்கோ கூடவோ பட்டவர்களுக்குக் குடி, போதை, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து, எதுவும் படாதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு. அந்த ஏழில் போரும் இல்லை, கடலும் இல்லை. நம் மாணவரின் பெற்றோரில் பலர் சுனாமி அடித்த 2004 டிசம்பர் 26இல் தாங்களே பிள்ளைகள்.

பிடிபட்ட அன்று ஒரே ஓர் ஆசிரியர் பேசட்டும். யாரென்று பையனே சொல்லட்டும். மற்றவர் கண்ணில் படும், காதில் விழாத மரத்தடி போதும். எதிரே அமராமல் பக்கத்தில் அமருங்கள். "ஆர் தந்தது?" என்று தொடங்கினால் வாய் மூடிவிடும். "மகன், ராவில நித்திரை வருதா? வீட்டில ஆர் இருக்கிற? இதைப் போட்டா என்ன குறையுது?" என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியின் பதிலில்தான் மருந்துக்கு வழி இருக்கிறது.

நடந்ததையெல்லாம் ஒரே இருப்பில் சொல்ல வைக்காதீர்கள். மூச்சு வேகமாகி, பார்வை ஓரிடத்தில் குத்தி நின்றால் உடனே நிறுத்துங்கள். பாதத்தை நிலத்தில் ஊன்றச் சொல்லி, குளிர்ந்த நீர் கொடுத்து, சுற்றிலும் தெரியும் ஐந்து பொருட்களைச் சொல்லச் சொல்லுங்கள். "ஒருவருக்கும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கவும் வேண்டாம். துன்புறுத்தல் வெளிப்பட்டால் பிரதேச செயலகச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கோ சிறுவர் உதவித் தொலைபேசி 1929க்கோ அறிவிக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடிக்கிற தகப்பனை அழைத்தால் அன்றிரவே அடி விழும். தாய்மாமனா, அம்மம்மாவா, யாரிடம் அவனுக்குப் பயமில்லை என்று முதலில் கேட்டறியுங்கள்.

புகையிலையை விட்டதும் எரிச்சல் முதல் மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். இரண்டு முதல் நான்கு வாரம் இழுக்கும். ஆசிரியர்கள் திமிர் என்று தண்டிப்பது பெரும்பாலும் இதைத்தான். ஐஸ் என்னும் போதைப்பொருள் (மெத்தம்பெற்றமின்) வேறு கதை. இரவிரவாக நித்திரையின்றி, யாரோ பின்தொடர்வதாகச் சொன்னால் அது பேச்சில் தீராது, அன்றே வைத்தியசாலை உளநலப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும்.

மறுபடியும் பிடிபடுவான், பெரும்பாலானோர் முதல் முயற்சியில் விடுவதில்லை. 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது சட்டம். மூன்று நாள் வராவிட்டால் வரவுப் பதிவேட்டில் பெயரை வெட்டாமல், வகுப்பாசிரியர் ஒருமுறை அவன் வீட்டுப் படலையைத் தட்டட்டும்.

இப்படிக்கு,
பாடசாலை உளவளத் துணைப் பணியாளர்கள்