தாவர ஆர்வலர் மன்றம், கும்பகோணம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–2025

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடைபெற்றன. ஆடிப்பெருக்கன்று காவிரிக் கரையில் நீர்மருது, புங்கன் கன்றுகளை நட்டோம். பள்ளி மாணவர்களுக்கு இலை சேகரிப்புப் போட்டி நடத்திப் பரிசு வழங்கினோம்.

இவ்வாண்டின் முதன்மைப் பணி, சம்பா அறுவடை முடிந்த கையோடு மாசியில் மேற்கொண்ட நீலகிரிப் பயணம். வயல் சூழ்ந்த ஊரின் மன்றத்துக்கு மலையில் என்ன வேலை என்று செயற்குழுவிலேயே கேட்கப்பட்டது. அதற்கான பதிலைப் பதிவு செய்ய விரும்புகிறேன். நீலகிரியின் பைக்காரா ஆற்று நீர் மோயாறாகி, பவானிசாகர் அணையில் தேங்கி, பவானி கூடுதுறையில் காவிரியோடு கலந்து, முக்கொம்பும் கல்லணையும் கடந்து நம் அரசலாற்றுக்கு வருகிறது. தென்மேற்குப் பருவமழையை வாங்கி வைத்துக் கோடையிலும் கசியவிடுபவை அம்மலையின் சோலைகள் எனப்படும் அடர்ந்த மலைக்காடுகளும் புல்வெளிகளும்தான்.

மடிப்புகளில் சோலை, சரிவுகளில் புல்வெளி; நடுவே எல்லை துல்லியமாகத் தெரிகிறது. புல்வெளியில் முளைக்கும் மரக்கன்றுகளை உறைபனி கருக்கிவிடுவது இதற்கு ஒரு காரணம். பனியையும் தீயையும் தாங்கி அங்கே தனித்து நிற்பது காட்டுப் பூவரசு எனப்படும் ரோடோடென்ட்ரான். நாங்கள் போனபோது கொத்துக் கொத்தாகச் சிவந்திருந்தது. இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் முழுவதும் பழுப்பு நிறத்தில் கம்பளி போன்ற ரோமம். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) புல்வெளிகளில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டன. புல்வெளியை வெற்றிடம் என்று எண்ணி மரம் நடுவது எத்தகைய கேடு என்பதை, மரம் நடுவதையே பணியாகக் கொண்ட நம் மன்றம் நேரில் கண்டாக வேண்டும் என்றே இப்பயணத்தை வற்புறுத்தினேன்.

வருத்தத்துடன் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். பெயர் கொடுத்தவர்களில் பாதிப்பேர் கடைசி நேரத்தில் பின்வாங்கினார்கள். வேன் வாடகை குறையவில்லை, வந்தவர்களே பகிர்ந்துகொண்டார்கள். பயணப் படங்களைக் கொண்டு அமைத்த கண்காட்சிக்கும் வராதவர்கள் எட்டிப் பார்க்கவில்லை. சந்தா பாக்கியை ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைத்திருப்போரும் உண்டு. கடிதம் போட்டாலும் தொலைபேசியில் கேட்டாலும் “அடுத்த மாதம் பார்க்கலாம்” என்பதே பதில்.

வரவும் செலவும் ஏறத்தாழச் சரிக்குச் சரி. கையிருப்பு சற்றுக் குறைந்துள்ளது. விவரம் பொருளாளரிடம் உள்ளது. தலைவர், செயற்குழுவினர், கூட்டத்துக்கு இடம் தந்த பள்ளி நிர்வாகத்தினர் ஆகியோருக்கு நன்றி.

அம்மலைப் புல்வெளிகளின் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. 2018-இல் பூத்தது, அடுத்து 2030-இல் எதிர்பார்க்கப்படுகிறது. பூத்து விதை உதிர்த்ததும் செடி மடிந்துவிடுவதால், தவறவிட்டால் மறுபடியும் 12 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். நம்மில் பலருக்கு வயதாகிறது. அதைக் காணச் செல்லும் பயணத்துக்கெனத் தனி நிதியை இப்போதே தொடங்குவோம் என்று முன்மொழிகிறேன். உடன் உழைக்க இளைஞர் இருவராவது முன்வந்தால்தான் அடுத்த பயணத்தை என்னால் ஏற்பாடு செய்ய முடியும் என்பதையும் முன்கூட்டியே தெரிவிக்கிறேன். கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகே அமர்ந்திருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்