‘நாம்’ என்று சேர்த்துக்கொண்டவர்களுக்கு

அன்பான சபை மக்களுக்கும், மலையில் எங்களைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும்,

மலையில் ஊழியத்துக்குப் போய் ஒன்பதாவது வருடம் முடிந்து, மூன்று மாத விடுப்பில் திருநெல்வேலிக்கு வந்திருக்கிறோம். மேடையில் ஏறிச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். எனக்கு மேடை ஒத்துவராது, தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால் என் நன்றிகளை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது ஜார்கண்டில், சாகிப்கஞ்ச் மாவட்டத்து ராஜ்மஹால் மலையில். ஹௌரா போய், அங்கிருந்து பர்ஹர்வாவுக்கு இன்னொரு ரயில், அப்புறம் ஜீப், கடைசியில் நடை. அடிவாரத்தில் சந்தால் மக்களின் ஊர்கள். மேலே சௌரியா பஹாடியா மக்கள். அவர்கள் தங்களை மாலேர் என்பார்கள். பேசுவது மால்டோ. அதுவும் நம் திராவிட மொழிதான் என்று கேட்டதும் என் கணவருக்கு ஒரே உற்சாகம், ஆறு மாதத்தில் பேசிவிடலாம் என்று கணக்குப் போட்டார். மரத்துக்கு ‘மனு’, நீ என்பதற்கு ‘நீன்’. சரிதான். ஆனால் நான் என்பதற்கு ‘ஏன்’. முதல் மாதம் யார் தன்னைப் பற்றிப் பேச வாயெடுத்தாலும் எங்களிடம் காரணம் கேட்பது போலவே இருந்தது.

ஏர்ன்ஸ்ட் துரோஸ் என்ற ஜெர்மானிய மிஷனரி 1884இல் வெளியிட்ட மால்டோ இலக்கணத்தின் நகல் ஒன்று எங்களிடம் இருந்தது. அவருக்கும் நன்றி. ஆனாலும் நிஜமான வாத்தியார் பக்கத்து வீட்டுப் பதினான்கு வயதுப் பையன்தான். தமிழில் இருப்பது போலவே அங்கேயும் ‘நாம்’ உண்டு, ‘நாங்கள்’ உண்டு. எதிரில் இருப்பவரையும் சேர்த்தால் ‘நாம்’, அவரை விட்டுவிட்டால் ‘ஏம்’. ஒருநாள் திண்ணையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தபோது, "நாங்கள் சாப்பிடப் போகிறோம்" என்று சொல்ல நினைத்து என் கணவர் ‘நாம்’ போட்டுவிட்டார். ஐந்து பேரும் கை கழுவிவிட்டு உள்ளே வந்தார்கள். இருந்த சோற்றை ஏழாகப் பிரித்தேன். பையன் ஒரு வாரம் சிரித்தான். அந்த இலக்கணம் எங்களுக்கு இனிமேல் மறக்காது.

அடுத்தது ஊர்த் தலைவர், அவர்கள் சொல்வதில் மாஞ்ஜி. புது விளைச்சலை முன்னோர்களுக்கும் தெய்வத்துக்கும் படைக்கும் முன் யாரும் வாயில் வைப்பதில்லை. இது எங்களுக்குத் தெரியாது. கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அவர்கள் பூசைக்கும் நமக்கும் என்ன என்ற அலட்சியம் என்னிடம் இருந்தது, மறைக்க விரும்பவில்லை. இரண்டாவது வருடம், புது மக்காச்சோளம் ஒன்றைச் சுட்டு என் மகன் கையில் கொடுத்தேன். அவன் அதைக் கடித்துக்கொண்டே தெருவில் ஓடினான். ஊர் அப்படியே நின்றுவிட்டது. அன்று மாலை மாஞ்ஜி எங்கள் வாசலுக்கு வந்தார். கோபப்படவில்லை. "முன்பே சொல்லாதது எங்கள் தவறு" என்றார். அவர் சொன்னது ‘ஏம்’. எவ்வளவு பெரிய மனது! ஆனாலும் அந்த ஒரு சொல்லில் நாங்கள் வெளியே நிற்பது புரிந்தது. அதற்கப்புறம் எங்கள் தோட்டத்தில் எது காய்த்தாலும் அவரைக் கேட்காமல் பறித்ததில்லை.

இப்போது, மலையில் நாங்கள் பெரியம்மா என்று கூப்பிடுபவர். பெயர் எழுதினால் திட்டுவார். நீரூற்று மலைச்சரிவில் கீழே இருக்கிறது. குடத்தை நிரப்பி ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கும். முதல் மழைக்காலம் முழுவதும் என் குடத்தையும் அவரே சுமந்தார். சபைய் என்ற ஒருவகைப் புல்லில் கயிறு திரிக்கக் கற்றுக்கொடுத்தார். என் கயிறு இன்றைக்கும் பிரிந்துதான் போகிறது.

ஐந்தாவது வருடம் மகனுக்குக் காய்ச்சல். நான் நர்ஸ். மலேரியா என்றே நினைத்தேன், அங்கே அது சகஜம். இரண்டு வாரம் தாண்டியும் விடவில்லை. பெரியம்மா வந்து அவன் வயிற்றின் இடது பக்கத்தை அழுத்திப் பார்த்தார். மண்ணீரல் வீங்கியிருந்தது. "காலா அஜார்" என்றார். மணல் ஈ கடித்து வரும் கறுப்புக் காய்ச்சல். தன் பிள்ளைகளில் ஒன்றை அதற்குப் பறிகொடுத்தவர், அந்தக் கைக்குத் தெரிந்தது என் படிப்புக்குத் தெரியவில்லை. வெளியே போய் நான்கு ஆட்களைக் கூப்பிட்டார். என்னிடம் திரும்பி, "நம் பிள்ளையை நாம் கீழே கொண்டுபோவோம்" என்றார்.

நாம்.

கயிற்றுக் கட்டிலை மூங்கிலில் கட்டி, இருட்டில், மழையில், வழுக்கும் பாறையில் இறக்கினார்கள். ஒருவர் கால் பெயர்ந்தது, கட்டில் மட்டும் சாயவில்லை. மருத்துவமனையில் விரல் நுனி ரத்தத்திலேயே நோய் தெரிந்துவிட்டது. முன்பெல்லாம் 28 நாள் மாத்திரை. இப்போது ஒரே நாளில் நரம்பில் ஏற்றும் மருந்து. அதை ஏற்றி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்ற செவிலியருக்கும், அந்த நான்கு பேருக்கும் என்ன சொல்லி நன்றி சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஐந்து மாதம் கழித்து மணல் ஈக்கு மருந்து தெளிப்பவர்கள் வந்தபோது, எங்கள் வீட்டுச் சுவர் விரிசல்களை மாஞ்ஜியே முன்னால் நின்று காட்டினார்.

சரி, இந்தப் பக்கம். மூத்த மகளை ஆறு வயதில் விடுதியில் விட்டுப் போனோம். ரயில் நகர்ந்தபோது அவள் அழவில்லை, அதுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. விடுமுறைகளில் அவளைத் தன் பேத்தியாக வைத்துக்கொண்ட என் மாமியாருக்கும், தலை பின்னிவிட்ட விடுதி அக்காவுக்கும் இந்தக் கடன் தீராது. எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள் என்று மட்டும் கேட்டு எழுதியவர்களுக்கும் வணக்கம். அந்தக் கடிதங்களுக்குப் பதில் எழுதாததற்கு மன்னிக்கவும், எழுத வரவில்லை.

கடைசியாக, பிடி அரிசி எடுத்து வைத்த அம்மாக்களுக்கு. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே போட்டு வைத்து, அதை விற்று அனுப்பிய காசில்தான் எங்கள் மருந்துப் பெட்டி நிரம்பியது. இதைப் பெரியம்மாவிடம் சொன்னபோது நெடுநேரம் பேசாமல் இருந்தார். கிளம்பும் அன்று ஒரு சிறிய மூட்டையைக் கொடுத்தார். அவர் மலைச்சரிவில் விளைந்த பர்பட்டி, நம்மூர்த் தட்டைப்பயறு. படையல் முடிந்த பிறகு எடுத்ததுதான், நான் கேட்டுக்கொண்டேன்.

மூட்டை சபை அலுவலகத்தில் இருக்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாங்கிக்கொள்ளுங்கள், ஆளுக்கு ஒரு பிடி வரும். கொஞ்சம் கெட்டியான பயறு. முந்தின இரவே ஊறப்போட்டுவிடுங்கள்.