ஜனவரியைப் பார்த்து முடிவு செய்யாதே

அன்புள்ள மாலதி,

உன் கடிதமும், நீங்கள் இருவரும் ஸ்பெயினில் அலிகான்டே பக்கம் வாங்கிக் குடியேற நினைக்கும் வீட்டின் படங்களும் வந்து சேர்ந்தன. மாடத்தில் நின்றால் கடல் தெரிகிறது, எலுமிச்சை மரம் வீட்டோடு வருகிறது, எல்லாம் சரி. படம் எடுத்தவர் ஆகஸ்டு மத்தியானத்தில் எடுக்கவில்லை என்பது நிழல் விழுந்திருக்கும் நீளத்திலேயே தெரிகிறது. உன் வீட்டுக்காரர் சுந்தரம் அண்ணா ஏறக்குறைய முடிவே செய்துவிட்டார், நீதான் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறாய் என்று எழுதியிருக்கிறாய். நான் நர்ஸாக இருந்தவள், வயதானவர்களின் வார்டிலேயே காலம் தள்ளியவள், அதனால் மனத்தில் பட்டதை ஒளிக்காமல் எழுத வேண்டும் என்றும் கேட்டிருக்கிறாய். எழுதுகிறேன். படித்துவிட்டு அண்ணாவிடமும் கொடு. கோபம் வந்தால் நேரே எனக்கே போன் செய்யச் சொல்.

எங்கள் வீட்டுச் செய்தி கொஞ்சம்தான். இவருடைய இடது முழங்காலுக்கு மாற்று அறுவைக்குப் பெயர் கொடுத்துக் காத்திருக்கிறோம். மகள் வேலை மாறி பிரிஸ்டலுக்குப் போய்விட்டாள். பேத்திக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. போனில் அவள் பேசுவதில் பாதி புரிவதில்லை, ஆனாலும் வைக்க விடமாட்டாள். நான் வேலையை விட்டபின் காலை நேரம் இவ்வளவு நீளமானது என்று இப்போதுதான் பார்க்கிறேன்.

வெயிலுக்கு ஏங்குவதை நான் குறை சொல்லவே மாட்டேன். டிசம்பரில் லண்டனில் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. நீ சொல்லும் அலிகான்டேயில் ஒன்பதரை. ஜனவரியிலேயே அங்கே பகல் வெப்பம் சராசரி 17 டிகிரியைத் தொடும். குளிர்காலம் வந்தால் மனம் சோர்ந்துபோவதை 1984இலேயே நார்மன் ரோசன்தாலும் அவருடன் இருந்தவர்களும் ஒரு நோயாக விவரித்து எழுதிவிட்டார்கள். அது சோம்பேறிகளின் சாக்கு அல்ல. நம் தோலின் நிறத்துக்கு இங்கே கிடைக்கும் வெயில் போதவே போதாது. கறுத்த தோல் உள்ளவர்கள் ஆண்டு முழுவதும் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்வதைப் பற்றி யோசிக்கச் சொல்லி இங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்.ஹெச்.எஸ்ஸே அறிவுறுத்துகிறது. அந்த மாத்திரையை மறக்காமல் போடுகிறாயா?

ஆனால் நீங்கள் இருவரும் அந்த ஊரைப் பார்த்தது எப்போது? பிப்ரவரியில். பாதாம் பூத்திருக்கும் பிப்ரவரியில் பார்த்தால் எனக்கும் வீடு வாங்கத்தான் தோன்றும். அங்கே குடியேறுகிறவர் ஜூலையையும் ஆகஸ்டையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். பகலில் கடற்காற்று கொஞ்சம் காப்பாற்றும். இரவில்தான் பிரச்சினை: 20 டிகிரிக்குக் கீழே இறங்காத இரவுகள் வாரக்கணக்கில் தொடரும். உடம்பு பகலில் வாங்கிய சூட்டை இரவில்தான் இறக்கிவைக்கும். அதற்கு வழியில்லாவிட்டால் ஆள் சாய்ந்துவிடுவார். 2003 கோடையில் பிரான்சில் மட்டும் ஏறக்குறைய 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் முதியவர்கள், தனியாக இருந்தவர்கள் நிறைய.

"நாம் வெயிலில் பிறந்தவர்கள், நமக்கென்ன" என்று அண்ணா சொல்வார், எனக்குத் தெரியும். வெயிலில் பிறந்தது இருபது வயது உடம்பு. வயது ஏற ஏறத் தாகம் எடுப்பதே குறைகிறது, வியர்வையும் குறைகிறது. அதோடு ரத்த அழுத்தத்துக்கும் நீர் பிரிவதற்கும் மாத்திரை போடுகிறவருக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்கு வந்தால் போதும், சிறுநீரகம் தடுமாறிவிடும். மான்செஸ்டரின் சாதாரண ஜூன் மாதத்திலேயே இப்படி வந்தவர்களுக்கு நான் சலைன் ஏற்றியிருக்கிறேன். இரவு பதினோரு மணிக்கும் 28 டிகிரி இருக்கும் வீட்டில் என்ன ஆகும் என்று நீயே யோசி. குளிர்சாதனம் எல்லா அறைகளிலும் இருக்கிறதா என்று கேட்டாயா? இன்னொன்று சொன்னால் சிரிப்பாய்: அங்கே வீடுகளை வெயிலை வெளியே நிறுத்தவே கட்டுகிறார்கள். பளிங்குத் தரை, தடித்த சுவர், பல வீடுகளில் ஹீட்டிங் கிடையாது. ஜனவரியில் வெளியே வெயில் காய்ந்துவிட்டு உள்ளே வந்து கம்பளிக்குள் புகுந்துகொள்ள வேண்டியிருக்கும்.

மழையையும் கேள். அந்தக் கடற்கரையில் இலையுதிர் காலத்தில் ஆண்டு மழை ஒரே நாளில் கொட்டுவது உண்டு. 2024 அக்டோபர் 29 அன்று பக்கத்து மாகாணமான வலென்சியாவில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தரைத்தளத்தில் மாட்டிக்கொண்ட முதியவர்கள் அவர்களில் பலர். படி ஏற வேண்டாம் என்று தரைத்தளம் கேட்கும் நம்மைப் போன்றவர்கள்தான். வீட்டு முகவரிடம் வெள்ள வரைபடத்தைக் கேள். முகம் மாறினால் வேறு வீடு பார்.

நீ அனுப்பிய படத்தில் என்னை மிகவும் உறுத்தியது சாலை. குன்றின் சரிவில், ஊரிலிருந்து தள்ளி, வெளிநாட்டவருக்காகவே கட்டிய குடியிருப்பு அது. பால் வாங்கவும் கார் வேண்டும். ஸ்பெயினில் 65 வயதுக்குமேல் ஓட்டுநர் உரிமத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை உடல், மனப் பரிசோதனையோடு புதுப்பிக்க வேண்டும். நல்ல சட்டம்தான். அண்ணாவுக்கு இப்போது 71. நீ கார் ஓட்டுவதை விட்டே எத்தனை காலம் ஆகிறது! அவருக்குக் கண் மங்கினால் அன்றிலிருந்து அந்தக் கடலை நீங்கள் மாடத்திலிருந்து மட்டும்தான் பார்ப்பீர்கள்.

இதைச் சொல்ல வந்ததும் சொல்லத் தயங்குவதும் ஒரே காரணத்தால்தான். மாலதி, இந்த வீட்டை நீங்கள் இருவர் வாங்குகிறீர்கள். அதில் கடைசிவரை இருக்கப்போவது ஒருவர். கணக்குப்படி அது நீ. 80 வயதில், அந்தக் குன்றில், அவர் இல்லாமல். அப்போது மருத்துவமனையில் "வலி எங்கே, எப்போதிலிருந்து" என்று கேட்பார்கள், ஸ்பானிய மொழியில். எங்கள் வார்டில் ஞாபக மறதி முற்றிய பாட்டிகள் ஆங்கிலத்தை முழுதாகக் கைவிட்டுப் பஞ்சாபியில், குஜராத்தியில், ஒருமுறை நம் தமிழிலேயே அழுததைப் பார்த்திருக்கிறேன். பின்னால் கற்ற மொழிதான் முதலில் கழன்றுபோகிறது. ஆங்கிலமே நமக்கு இரண்டாவது. 67 வயதில் தொடங்கும் மூன்றாவது எத்தனை நாள் துணைக்கு வரும்? அண்ணா செயலியில் தினம் பத்து வாக்கியம் படிக்கிறார் என்கிறாய். பாராட்டுகிறேன். நீ படிக்கிறாயா? படிக்க வேண்டியவள் நீ.

மருத்துவம் அங்கே மோசம் என்று நான் சொல்லவில்லை. பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் வாங்குகிறவருக்கு எஸ்1 படிவம் உண்டு. அங்குள்ளவர்களுக்குக் கிடைக்கும் சிகிச்சை அதே வரிசையில் உங்களுக்கும் கிடைக்கும், செலவை பிரிட்டன் ஏற்கும். ஆனால் அது சிகிச்சைக்குத்தான். குளிப்பாட்டிவிட, உடுத்திவிட, இரவில் துணைக்கு இருக்க ஆள் வேண்டுமென்றால் அந்தப் படிவம் உதவாது. அங்கே அதையெல்லாம் பெரும்பாலும் குடும்பம்தான் செய்கிறது. உன் பிள்ளைகள் இருவரும் இங்கே.

இனி விசா. வீடு வாங்கினால் விசா கிடைக்கும் என்று அண்ணா இன்னும் நம்பிக்கொண்டிருந்தால் அந்தக் கதை முடிந்துவிட்டது என்று சொல். ஐந்து லட்சம் யூரோவுக்கு வீடு வாங்கியவருக்குக் கொடுத்த விசாவை 2025 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள். உங்களுக்கு உள்ளது, வேலை செய்யாமல் சொந்த வருமானத்தில் வாழ்வதாகக் காட்டி வாங்கும் விசா. 2025 கணக்குப்படி ஒருவருக்கு ஆண்டுக்கு 28,800 யூரோ, துணைக்கு இன்னொரு 7,200. ஆக 36,000 யூரோ வருமானம் காட்ட வேண்டும். பிரிட்டனின் முழு அரசு ஓய்வூதியமே 2025-26இல் வாரத்துக்கு 230.25 பவுண்டுதான், இருவர் பணத்தையும் சேர்த்தாலும் எட்டாது. அண்ணாவின் கம்பெனி ஓய்வூதியம் இருப்பதால் ஒப்பேற்றிவிடலாம். அதைவிட என்னைக் கவலைப்பட வைப்பது இன்னொரு விதி: ஐந்தாண்டு முடிந்து நிரந்தர அனுமதி கேட்கும்போது, அந்த ஐந்தாண்டில் மொத்தம் பத்து மாதத்துக்குமேல் வெளியே இருந்திருக்கக் கூடாது. மகளுக்குப் பிரசவம், பேரனுக்குக் காய்ச்சல் என்று நீ ஓடி வருகிறவள். பத்து மாதம் உனக்கு இரண்டே ஆண்டில் தீர்ந்துவிடும்.

வரியைப் பற்றி நீ நாலு பக்கம் கேட்டிருக்கிறாய். நான் நாலு வரிதான் எழுதுவேன், மீதிக்கு இரு நாட்டு வரியும் தெரிந்த கணக்காளரிடம் பணம் கொடுத்துக் கேள். ஆண்டில் 183 நாளுக்குமேல் இருந்தால் அங்கே வரி கட்டுகிறவர்கள் ஆகிறீர்கள். இங்கே வரியில்லாத ஐ.எஸ்.ஏ. சேமிப்புக்கு அங்கே அந்தச் சலுகை கிடையாது. வெளிநாட்டில் 50,000 யூரோவுக்குமேல் சொத்து இருந்தால் தெரிவிக்க வேண்டும். உயில் முக்கியம்: ஸ்பானியச் சட்டம் சொத்தின் பெரும்பங்கைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கிவிடும். அது வேண்டாமென்றால், உங்கள் குடியுரிமை நாட்டுச் சட்டமே பொருந்தும் என்று உயிலில் எழுதிவைக்க 2015 ஆகஸ்டு முதல் இடம் உண்டு. எழுதாமல் போய்விடாதீர்கள். பவுண்டையும் மறக்காதே. 2015 கோடையில் ஒரு பவுண்டுக்கு 1.40 யூரோ கிடைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகுவதற்கான வாக்கெடுப்பு முடிந்து 2016 அக்டோபரில் 1.10 பக்கம் வந்து நின்றது. பவுண்டில் ஓய்வூதியம் வாங்கி யூரோவில் அரிசி வாங்கியவர்கள் அந்த ஆண்டு எப்படிச் சமாளித்தார்களோ!

வெயில்தான் வேண்டுமென்றால் ஊருக்கே திரும்பலாமே என்று உன் நாத்தனார் கேட்டாராமே. கேட்கட்டும். பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் ஸ்பெயினில் இருந்தால் ஆண்டுதோறும் ஏறும். இந்தியாவில் குடியேறினால் அந்த அளவிலேயே உறைந்துவிடும், இருபது ஆண்டு ஆனாலும் அதே தொகைதான். பணத்தை விடு, உனக்கு அங்கே போக மனம் இருக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகம். கூடப் படித்தவர்களும் அண்ணன் தம்பிகளும் பாதிப்பேர் இப்போது அங்கே இல்லை. ஆனாலும் மருத்துவமனையில் நம் மொழியிலேயே கேள்வி கேட்பார்கள் என்ற அந்த ஒரு வசதிக்காக அந்த ஊரைப் பட்டியலிலிருந்து நான் அடித்துவிடமாட்டேன்.

நாங்கள் இருவரும் இதைப் பற்றி இங்கே நிறையப் பேசினோம். குடியேறுவதில்லை என்று முடிவு. வாடகைக்கு எடுத்து, ஜனவரி முதல் தேதி போய் மார்ச் 31 திரும்புவது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் உள்ளவருக்கு விசா இல்லாமல் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் அனுமதி. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்றும் சேர்ந்தால் மிகச் சரியாக 90. போகும் நாள், வரும் நாள் இரண்டையும் எண்ணுவார்கள். லீப் ஆண்டில் ஒரு நாள் முன்னதாகவே கிளம்ப வேண்டும். 2025 அக்டோபர் முதல் எல்லையில் கைரேகை வாங்கிக் கணினியிலேயே நாளை எண்ணத் தொடங்கிவிட்டார்கள், அதனால் கண்ணாமூச்சி ஆட முடியாது. ஹீட்டர் உள்ள வீடு, டவுனுக்குள், லிப்ட்டோடு. பயணக் காப்பீட்டுக்கு இவருடைய முழங்காலைச் சொன்னதும் தொகையை ஏற்றிவிட்டார்கள். கட்டித்தான் ஆக வேண்டும். ஆண்டில் மீதி நாளெல்லாம் இந்த மழையும் என் டாக்டரும் பேத்தியும்.

இதுவே உனக்கும் பொருந்தும் என்று சொல்லவில்லை. உனக்கு இங்கே வீட்டுக்கு வெளியே அவ்வளவு பிடிப்பில்லை. அண்ணாவுக்கு மூச்சுத்திணறல் குளிரில் கூடுகிறது. அதுவும் காரணம்தான், பெரிய காரணம். போவதென்றால் வீட்டை வாங்காதீர்கள். இங்குள்ள வீட்டை விற்காமல் வாடகைக்கு விட்டுவிட்டு அங்கே ஓராண்டு வாடகையில் இருங்கள், அதில் ஒரு ஆகஸ்டு கட்டாயம் வர வேண்டும். அந்த ஆகஸ்டில் ஒரு வாரம் அண்ணாவை இங்கே பிள்ளைகளிடம் அனுப்பிவிட்டு நீ தனியாக இருந்து பார்: கடைக்குப் போ, மருந்து வாங்கு, குழாய் ஒழுகினால் ஆளைக் கூப்பிடு. அதற்குப் பிறகும் பிடித்திருந்தால் நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேச மாட்டேன்.

அண்ணா போடும் மாத்திரைகளின் பெயர்களை எழுதி அனுப்பு. வெயில் நாட்டில் எதை எப்படி மாற்ற வேண்டியிருக்கும் என்று உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைக் குறித்துத் தருகிறேன். ஞாயிறு மாலை நான் வீட்டில்தான் இருப்பேன்.

உன் அன்புத் தோழி,
வசந்தா