காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டெங்கு பற்றி எழுதும்போதெல்லாம் பத்திரிகைகள் பிளேட்லெட் எண்ணிக்கையைத்தான் பெரிதாகப் போடுகின்றன. பெற்றோரும் வந்ததும் கேட்பது ‘பிளேட்லெட் எவ்வளவு சிஸ்டர்?’ என்றுதான். குழந்தைகள் அவசரப் பிரிவில் பல வருடம் செவிலியராக வேலை பார்த்தவள் நான். டெங்குவில் குழந்தையின் உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் பிளேட்லெட் குறைவு அல்ல. ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறி, ஓட வேண்டிய ரத்தம் குறைந்துபோவதுதான்.

இந்தக் கசிவு காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் சமயத்தில் ஆரம்பிக்கிறது. ‘உடம்பு குளிர்ந்துடுச்சு, இனிமே பயமில்லை’ என்று வீட்டில் நிம்மதியாகிவிடுகிறார்கள். அடுத்த 24 முதல் 48 மணி நேரம்தான் கண்டம். வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் என்று எது தெரிந்தாலும், குழந்தை துவண்டு கிடந்தாலும், ராத்திரி என்று பார்க்காமல் தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

அப்படி வந்த குழந்தையை ‘பி.பி. நார்மல்’ என்று சொல்லி வரிசையில் உட்கார வைத்துவிடக் கூடாது. குழந்தையின் உடம்பு ரத்தக் குழாய்களை இறுக்கி, நாடித் துடிப்பைக் கூட்டி, முடிந்தவரை ரத்த அழுத்தத்தை இறங்கவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அது இறங்கும்போது நிலைமை கைமீறிப் போயிருக்கும். முன்னதாகவே காட்டிக் கொடுப்பது கையும் காலும்தான். உள்ளங்கால் ஜில்லென்று இருக்கும். விரல் நுனியை ஐந்து விநாடி அழுத்தி விட்டால், வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். சிவக்கத் தாமதமானால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டியதுதான். இன்னொன்று, மேல் அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்கும் உள்ள இடைவெளி. அது 20 அல்லது அதற்கும் கீழே சுருங்கினால் ஷாக், அதாவது உறுப்புகளுக்குப் போதுமான ரத்தம் போகாத நிலை, தொடங்கிவிட்டது என்று பொருள். சீட்டில் 100/80 என்று எழுதியிருந்தால் நல்ல பி.பி. போலத்தான் தெரியும். அந்தக் குழந்தைக்கு ஒரு நிமிடம்கூடக் காத்திருக்க நேரமில்லை.

இதற்கெல்லாம் ஸ்கேனும் வேண்டாம், லேப் ரிப்போர்ட்டும் வேண்டாம். ஓ.பி. சீட்டு போடும் இடத்திலேயே பயிற்சி பெற்ற ஒரு செவிலியரை நிறுத்தி, வருகிற ஒவ்வொரு குழந்தையின் காலையும் தொட்டுப் பார்க்கச் செய்யலாம். தாலுகா மருத்துவமனைகளிலும் மழைக்காலம் முழுக்க இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். நீங்களும் டெங்கு செய்தி போடும் நாளெல்லாம் அதன் பக்கத்திலேயே இந்த அறிகுறிகளை ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
மதுரை.