காட்டுக்கு ஒரு கத்தி, தற்காப்புக்கு ஒரு டார்ச்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சாரல் விழத் தொடங்கினால் மலைக்கும் அருவிக்கும் கிளம்பும் பிள்ளைகள் பையில் போட ஒரு கத்தி தேடுவார்கள். இணையக் கடைகளில் ‘தற்காப்புக்கும் காட்டுக்கும்’ என்று ஒன்றை விற்கிறார்கள்: கறுப்புச் சாயம், முதுகில் ரம்பப் பல், பிடிக்குள் தீக்குச்சி வைக்கப் பொந்து. பொந்து இருக்கிறது என்றால் அலகின் காம்பு, அதாவது பிடிக்குள் போகும் இரும்பு, கடைசி வரை ஓடவில்லை என்று அர்த்தம். விறகில் செருகி ஒரு திருப்பு திருப்பினால் கழுத்தில் முறியும். முதுகிலுள்ள பல் மரத்தையும் அறுக்காது, கயிற்றையும் அறுக்காது.

வெளிவேலைக்கு வேண்டியது 4 அங்குல அலகு, 3 மி.மீ. கனம், பிடியின் கடைசி வரை ஓடும் காம்பு. பிடி உள்ளங்கையைத் தாண்டி அரை அங்குலமாவது நீள வேண்டும். அலகும் பிடியும் சேரும் இடத்தில் விரல் வழுக்காமல் ஒரு தடுப்பு அவசியம். ஈரக் கையோடு அழுத்தும்போது விரல் வாய்ப்பக்கம், அதாவது வெட்டும் விளிம்புக்கு, போவதுதான் அடிக்கடி நடக்கும் காயம். மடக்குக் கத்தி வாங்கினால் பூட்டு உள்ளதாகப் பாருங்கள். விரித்து, விரல்களை விலக்கிப் பிடித்து, முதுகை மரப்பலகையில் நாலு தட்டுத் தட்டுங்கள். பூட்டு நழுவினால் அதை வைத்துவிட்டு வேறு பாருங்கள். கிளை கழிக்கவும் இளநீர் சீவவும் அரிவாள் இருக்கிறது. அந்த வேலையைச் சின்னக் கத்தியிடம் கேட்கக் கூடாது.

நம் பக்கத்துக் கொல்லுப் பட்டறையிலேயே செய்து வாங்கலாம். லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டை நல்ல இரும்பு. அதில் கரிச்சத்து (கார்பன்) 0.5 முதல் 0.6 சதவீதம் வரை இருக்கும், தோய்ச்சல் பிடிக்கும்: பழுக்கக் காய்ச்சி முக்கினால் விறைப்பு ஏறும். கட்டடக் கம்பியில் அடித்தால் எத்தனை முறை தோய்த்தாலும் வாய் மழுங்கும். ஸ்பிரிங் பட்டையை எண்ணெயில் தோய்க்கச் சொல்லுங்கள். தண்ணீரில் முக்கினால் மயிரிழை விரிசல் விழும். அன்றைக்குத் தெரியாது, ஒரு மாதம் கழித்துத் துண்டாகும்போதுதான் தெரியும். தோய்த்த பிறகு தேய்த்துப் பளபளப்பாக்கி, வைக்கோல் நிறம் வரும் வரை திரும்பவும் இளஞ்சூடு காட்ட வேண்டும். அவசரத்தில் விட்டுப்போவது இந்த இரண்டாம் சூடுதான். அது இல்லாத கத்தி கண்ணாடி மாதிரி சில்லுச் சில்லாய்ப் பெயரும். சோதிக்க ஒரு அரம் போதும்: அரம் வழுக்கிக்கொண்டே போனால் விறைப்பு அதிகம், வெண்ணெய் மாதிரி சீவினால் விறைப்பே ஏறவில்லை, லேசாகக் கடித்தால் சரி. பட்டை கனமானது என்பதால் 5 மி.மீ.யிலேயே நிறுத்திவிடுவதும் உண்டு. அந்தக் கத்தி வெங்காயத்தை நறுக்காது, பிளக்கும்.

சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்தால் பக்கத்தில் நில்லுங்கள். தீப்பொறி பறக்க அழுத்திப் பிடித்து வாய் நீலம் பாரித்தால் அந்த இடத்தில் விறைப்பு போய்விட்டது. வீட்டில் கல்லில் தீட்டுவதே நல்லது. ஒரு அங்குல அகல அலகுக்கு முதுகைக் கல்லிலிருந்து 9 மி.மீ. தூக்கிப் பிடித்தால் 20 டிகிரி கோணம் வரும். முதலில் கல்லின் சொரசொரப்புப் பக்கத்தில், அலகின் எதிர்ப்புறம் பிசிர் விரலுக்குத் தட்டுப்படும் வரை, பிறகு அலகின் மறுபக்கம், கடைசியாகக் கல்லின் மென்பக்கத்தில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி. புளி, எலுமிச்சை பட்டால் உடனே கழுவித் துடையுங்கள். தோலுறைக்குள் மாதக்கணக்கில் போட்டுவைத்தால் ஐப்பசி மழையில் உறை ஈரம் குடித்து அலகைத் துருவாக்கும். தேங்காய் எண்ணெய் தடவித் தாளில் சுற்றித் தனியே வைக்கலாம். நல்லெண்ணெய் நாளடைவில் பிசுபிசுக்கும்.

தற்காப்பு என்று கேட்பவர்களுக்கு: கத்தி வேண்டாம். கத்தி எடுத்தால் எதிராளி கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறான் என்றுதான் பொருள். பறிக்கப்பட்டால் அது அவன் கத்தி. தேவைக்கு மேல் தீங்கு செய்தால் தற்காப்பு உரிமை காக்காது என்று இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 37ஆம் பிரிவு சொல்கிறது. இருட்டு வழியில் வெளிச்சமான டார்ச், கழுத்தில் விசில், கையில் ஒரு மூங்கில் கம்பு. நாய்க்கும் பாம்புக்கும் இவைதான் உதவும். ஆபத்தென்றால் 112.

ஆயுத விதிகள், 2016 படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுத வகையில் சேரும். வீடு, விவசாயம், தொழில் போன்றவற்றுக்கென்று செய்தவைக்கு விலக்கு உண்டு. ஆனால் வயலுக்குப் போகும் அரிவாளுக்கு உள்ள மரியாதை, ராத்திரி பத்து மணிக்கு பைக் சீட்டுக்கடியில் இருக்கும் அரிவாளுக்குக் கிடைக்காது.

களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 ஆயுதம் என்று எண்ணுபவற்றில் கத்தியும் ஒன்று. எழுத்துமூல முன் அனுமதி இல்லாமல் அதோடு சரணாலயத்துக்குள் நுழைவதை 31ஆம் பிரிவு தடுக்கிறது. ஆடி அமாவாசைக்கு அந்தக் காட்டுக்குள் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலில் தங்கிச் சமைக்கப் போகும் குடும்பங்கள் காய்கறியை வீட்டிலேயே நறுக்கி எடுத்துப் போனால் சோதனைச் சாவடியில் பேச்சு மிச்சம்.

இப்படிக்கு,
பட்டறைத் தொழிலாளர்கள்,
அம்பாசமுத்திரம் வட்டம்